இருளாயியின் குடமும் அரசரின் இடுப்பும்

ஆவுடையாபுரம் முத்தையா மகன் வில்லாயுதம் என்னும் பெயருடையவனும், எழுபத்தெட்டு அகவை நிறைந்தவனும், பள்ளிக்கூட வாசலை மிதியாமலே அச்சு நூல்களை ஓதித் தமிழறிந்தவனுமாகிய அடியேன், நல்லோர் கேட்டு மகிழும்பொருட்டு இக்கதையை வரைகின்றேன்.

இரட்டைக்கரடு என்னும் பாளையத்தைச் சின்னக்குமார பூபதி ஆண்டுவந்தார். அரசர் வருகையை அறிவிக்கும் கொம்பு ஊதினால், எவராயினும் இருகை கூப்பி இடுப்பு வளையக் கும்பிட வேண்டும் என்பது அங்கே ஆணை. அரசருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் பிரதானி திருவேங்கடநாதர்.

ஒருநாள் காலை, அரசர் அரண்மனை முன்வாசலில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். இடுப்புப் பிசகிவிட்டது. மடைப்பள்ளிக்கு நீர் சுமக்கும் இருளாயியின் தலைக்குடம் அவர் எதிரே விழுந்து உடைந்ததே காரணம். குடத்தின் ஓடு கிழித்து அவள் காலிலும் காயம்.

சபை கூடியது. அரசர் தலையணையில் சாய்ந்து முனகினார். பிரதானி எழுந்தார்.

“மகாராஜா! தங்கள் திருமேனி நோவுக்கு இவளே பொறுப்பு. இவள் குடிசையைப் பறித்து, பிள்ளைகளோடு எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும்!”

இருளாயி அழுதாள். “சாமி, கொம்பு ஊதினாங்க. கும்பிட்டேன். குடம் போயிருச்சு. நான் என்ன செய்வேன்?”

“சாக்குச் சொல்லாதே! ஒரு குடத்தைத் தலையில் நிறுத்த முடியாதா? நானே நிறுத்துவேனே!”

அரசவை விகடர் அம்பலத்தாடி மெல்லச் செருமினார். “பிரதானியார் நிறுத்திக் காட்டினால் வழக்கு இப்போதே முடிந்துவிடும். மகாராஜா சற்று உள்ளே எழுந்தருளி, நான் கைதட்டியதும் வர வேண்டும்.”

“இந்த இடுப்போடா?” என்றார் அரசர்.

“இடுப்புக்குத்தானே நியாயம் கேட்கிறோம்! இடுப்பு வராமல் எப்படி?”

அரசர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். பிரதானியின் தலையில் நிறைகுடம் ஏறியது. அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சபை நடுவே மிடுக்காக நடந்தார்.

“ஒரு சொட்டுச் சிந்தியதா, பாரும் ஓய்!”

“அருமை, அருமை!” என்று அம்பலத்தாடி கைதட்டினார்.

உடனே கொம்பு ஊதியது. “பராக்! பராக்!” என்று கட்டியக்காரன் கூவினான். சபை முழுவதும் வளைந்தது. பிரதானி மட்டும் நிமிர்ந்து நின்றார். கும்பிடாமல் நின்றால் ராஜ அவமதிப்பு. அவர் விழி பிதுங்கியது. அரசர் வாசலில் தோன்றவும் அவர் சட்டென்று இருகை கூப்பி வளைந்தார்.

டமார்!

வெள்ளம் அரசர் பாதம்வரை ஓடிற்று. அவர் தூணைக் கட்டிக்கொண்டு தப்பினார்.

“ஓய் பிரதானி! மறுபடியும் என்னை விழத்தட்டப் பார்த்தீரா?”

சொட்டச் சொட்ட நின்ற பிரதானி அலறினார். “மகாராஜா, நான் என்ன செய்வேன்! கொம்பு ஊதினார்கள், கும்பிட்டேன், குடம் போய்விட்டது!”

அம்பலத்தாடி பணிவாகக் கேட்டார்: “மகாராஜா, பிரதானியார் இருளாயிக்குக் கேட்ட தண்டனையையே இவருக்கும் எழுதிவிடலாமா? குடிசை என்னும் இடத்தில் மாளிகை என்று மாற்றினால் போதும்.”

அரசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். “வேண்டாம், வேண்டாம்! விழுந்தவனும் நான், விழவைத்த ஆணையும் என்னுடையது. பொறுப்பும் எனக்கே!”

சுமையுள்ளோர் கும்பிட வேண்டியதில்லை என்று ஆணை திருந்தியது. இருளாயியின் கால் ஆறும்வரை அரண்மனை வைத்தியமும் சோறும், ஆறியபின் புதிய செப்புக்குடமும் அவளுக்குக் கிடைத்தன. அம்பலத்தாடிக்குச் சரிகைச் சால்வை போர்த்தப்பட்டது.

இவ்வழக்கு இனிது தீர்ந்தது, ரௌத்திரி வருடம் ஆவணி மாதம் பதினேழாம் நாள், புதன்கிழமை.