தாமரைக்குளத்தில் நீந்திய காற்புள்ளிகள்

முன்னொரு காலத்தில், ஆற்றுப் பனி அரண்மனைக்குள்ளே வந்து படுத்துக்கொள்ளும் ஒரு ராஜ்ஜியத்தில், விகடகவி நல்லக்குட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று, மேல்துண்டால் தலைப்பிரட்டைகளை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தான். சபை கூடும் சங்கு ஊதுமுன் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் நாடுகடத்தல்.

எல்லாம் ராஜா கண்ட கனவால் வந்த வினை. வெள்ளைக்காரக் கப்பல் தலைவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதி வைத்திருந்தார்கள். மூச்சு விடும் இடத்தில் வால் முளைத்த காற்புள்ளி, இரண்டு சொற்கள் கைகோக்கும் இடத்தில் சின்னக் கோடு. ஒன்றுகூட இடம் தவறக் கூடாது என்பது ராஜாவின் ஆசை. கனவிலோ அத்தனையும் தாளைவிட்டு நழுவி, நிலா வெளிச்சத்தில் மிதந்து, தாமரைக்குளத்துக்குள் நீந்திப் போய்விட்டன.

விடிந்ததும் கனவைக் கேட்ட அரண்மனை மொழிபெயர்ப்பாளர் துபாஷி வேங்கடபதி, மடலை எடுத்துவர ஓடினார். கொண்டுவந்தபோது அதில் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை.

"கனவு பலித்துவிட்டது, பிரபு," என்றார் வாய்பொத்தி. "பிடித்துவந்து இடம் பார்த்து ஒட்ட நம் விகடகவியை விட்டால் வேறு யார்?"

நல்லக்குட்டிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அது துபாஷிக்கு நன்றாகத் தெரியும். ராஜாவோ தலையாட்டி, சங்கு ஊதும்வரை கெடு வைத்துவிட்டார்.

சங்கு ஊதியது. ஈரம் சொட்டச் சொட்ட, கையில் சொம்போடு சபைக்கு வந்தான் நல்லக்குட்டி.

"பிடித்தாயா?" என்றார் ராஜா.

"பிடிச்சாச்சு, மகாராஜா. ஆனா பயந்து கிடக்குதுங்க. துபாஷியார் வாசிக்கட்டும். அவர் மூச்சு விடுற இடத்துல ஒவ்வொண்ணா இறக்கிவிடுறேன்."

அரச மடலை இரு கைகளாலும் ஏந்தித்தான் வாசிக்க வேண்டும். அது சபை மரபு. துபாஷி தயங்கினார். பிறகு அவர் கண் மின்னியது. மூச்சே விடாவிட்டால் இவன் எங்கே இறக்குவான்?

மடலால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். சொற்கள் மழையாய்க் கொட்டின. சபை பாதித் தூக்கத்தில் ஆடியது. துபாஷியின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் மடல் கைநழுவ, நாக்கு வெளியே தள்ள, "ஆ" என்று வாயைப் பிளந்தார்.

"பாருங்க, மகாராஜா," என்றான் நல்லக்குட்டி மெதுவாக, அந்தத் திறந்த வாயைக் காட்டி. "எல்லாம் இந்தக் குளத்துலதான் கிடக்குது."

ராஜா எட்டிப் பார்த்தார். சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. முத்துமாலையைக் கழற்றி நல்லக்குட்டியின் ஈரக் கழுத்தில் போட்டார்.

பிழையை நாக்கால் நக்கி அழிப்பது அந்த ஊர் எழுத்தர்களின் பழக்கம். துபாஷியின் நாக்கு கன்னங்கரேலென்று மையாக இருந்தது.