வேலங்குளத்துக்கு ஒதுக்கிய முந்நூறு கோடி

வேலங்குளம் எட்டே வருஷத்தில் பெருத்துப்போன ஊர். அதற்கு முன் அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது, வியாழக்கிழமை சந்தை இருந்தது, டிரைவருக்கு மனசு வந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஒரு நிறுத்தம் இருந்தது. பிறகு கார் உதிரிபாகக் கம்பெனி வந்தது. அதன் பின்னாலேயே ஷூ கம்பெனி, செல்போன் கம்பெனி. நாற்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் ஆனார்கள்.

அந்த வருஷ பட்ஜெட்டில் அரசு வேலங்குளம் வட்டாரத்துக்கு முந்நூறு கோடி ஒதுக்கியது. எதெதற்குச் செலவழிப்பது என்று பட்டியல் போட்டு அனுப்பவேண்டியவர் தணிகாசலம். தலைமைத் திட்ட அலுவலர். வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம்.

அவர் நாற்பத்தொரு இனங்களில் பட்டியலைத் தயாரித்துவிட்டார். முதல் இனம், ஊர் எல்லையில் வண்ண விளக்குகளோடு ஒரு வரவேற்பு வளைவு. எம்.எல்.ஏ. கேட்டிருந்தார், வர்த்தகர் சங்கம் கேட்டிருந்தது, மொத்தம் பதினேழு மனுக்கள். அப்புறம் விளையாட்டரங்கம், மாநாட்டு மண்டபம் என்று போய், நாற்பத்தோராவது இனத்தில் ‘இதர அடிப்படை வசதிகள்’ என்று முடிந்தது. மிச்சம் எவ்வளவோ அவ்வளவு அதற்கு.

அனுப்புவதற்கு முன் கோப்பைத் தன் குருவிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தார்.

குருவின் பெயர் சொர்ணவல்லி. தணிகாசலத்தைவிட ஆறு வயது இளையவர். தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, ஒருநாள் எழுந்து வந்துவிட்டவர். நெடுஞ்சாலை ஓரம் ஒரு டயர் கடையின் மாடியில் குடியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பதினோரு பேர் அவரைத் தேடி வருவார்கள். யார் என்ன கேட்டாலும் மூன்று நான்கு வார்த்தைகளில் பதில் முடிந்துவிடும். ஞானத்தின் முதிர்ச்சி என்று சீடர்கள் பேசிக்கொண்டார்கள். புகார் பிரிவில் பழகியது என்று குரு சொன்னதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் போனது ஒரு திங்கட்கிழமை காலை. குரு தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் கோப்பை அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“முந்நூறு கோடிம்மா. எதை முதல்ல செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்.”

“பல்லு,” என்றார் குரு.

தணிகாசலம் கண்ணை மூடி யோசித்தார். பல் என்றால் உறுதி. அல்லது கூர்மை. அல்லது, ஒன்று ஆடினாலும் மற்றதெல்லாம் சும்மா இருக்க முடியாது என்பதாகவும் இருக்கலாம். கண்ணைத் திறந்தபோதுதான் குருவின் இடது கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்தார்.

“பல்லு வலிக்குதாம்மா?”

“மூணு நாளா.”

தணிகாசலம் பதறிப்போனார். அவருடைய கார் அன்றைக்கு சர்வீஸுக்குப் போயிருந்தது. வேறு வண்டி வரவழைக்கிறேன் என்றார். குரு ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அரசு ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை தெரிந்தது. படித்துவிடலாம், அவ்வளவு பக்கம். இருவரும் கீழே இறங்கினார்கள். கோப்பை அங்கே விட்டுவர மனசில்லாமல் தணிகாசலம் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அந்தச் சாலை அவர் போட்ட சாலை. எட்டு வழி. நடுவில் மார்பளவுக்குத் தடுப்புச் சுவர். ‘தடையற்ற போக்குவரத்து’ என்று அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள். தடையற்ற போக்குவரத்தை அவர் காருக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறார். ஓரத்தில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு காலை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். இருபது நிமிஷம் இப்படியே போனது. குரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. “எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம், ஆளுக்கு இருபது,” என்று டிரைவர் கூவினான். ஏறிக்கொண்டார்கள். ஆட்டோ மூன்று கிலோமீட்டர் மேற்கே போய், திரும்பி, மூன்று கிலோமீட்டர் கிழக்கே வந்தது.

டிரைவர் பெயர் மஸ்தான். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். சாலை போடும்வரை ஓர் ஆட்டோவுக்கே தவணை கட்ட முடியாமல் திண்டாடினானாம், இப்போது மூன்று ஓடுகிறதாம். இந்த ரோட்டைப் போட்ட ஆபீசர் எந்த ஊர்க்காரரோ, அவர் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று தினமும் நினைத்துக்கொள்வானாம்.

தணிகாசலத்துக்கு உள்ளே குளிர்ந்தது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குருவின் காதில் விழுந்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். குரு கண்ணை மூடியிருந்தார். தணிகாசலம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“அந்த ஆபீசர் நான்தான்பா.”

மஸ்தான் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். “ஆபீசருக்கு ஷேர் ஆட்டோல என்ன சார் வேலை?” என்று கேட்டுவிட்டு, இறங்கும்போது நாற்பது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி நாற்பதாயிரம் பேருக்குக் கட்டியது. வரிசை கேட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. பல் டாக்டர் ஒரு நாளைக்கு முப்பது பேரைத்தான் பார்ப்பாராம். கடைசியில் போய் நின்றவர்களிடம் கோதண்டம் என்ற ஓர் ஆள் வந்தான். இன்ஜினியரிங் டிப்ளமோ படித்தவன். கம்பெனிகளில் வேலை கிடைக்கவில்லை. அதனால் விடிவதற்கு முன்னே வந்து வரிசையில் இடம் பிடித்து விற்கிறான். இப்போது அவனுக்குக் கீழே ஆறு பேர் நிற்கிறார்கள். இருபத்து மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது, ஐம்பது ரூபாய் என்றான்.

இடத்தை வாங்கினார்கள். கோதண்டமும் நன்றி மறந்தவன் இல்லை. ஊரை இத்தனை பெரிசாக்கி ஆஸ்பத்திரியை மட்டும் அப்படியே விட்டுவைத்த ஆபீசரின் போட்டோ கிடைத்தால் வீட்டில் மாட்டலாம் என்றிருப்பதாகச் சொன்னான்.

தணிகாசலம் இந்தத் தடவை தான் யாரென்று சொல்லவில்லை. அக்குளில் இருந்த கோப்பின் பன்னிரண்டாம் பக்கம் அவருக்கு ஞாபகம் வந்தது. ‘வட்டாரத்தில் சுயதொழில் புரிவோர் எண்ணிக்கை நான்கு மடங்கு உயர்வு.’ பச்சை மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

குருவை வரிசையில் உட்கார வைத்தபிறகு தணிகாசலத்துக்கு வேறொரு கஷ்டம் வந்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். அடக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் பூட்டு தொங்கியது. தண்ணீர் இல்லை, லாரி பதினோரு மணிக்கு வரும் என்று காவலாளி சொல்லிவிட்டு, எதிரே இருந்த சந்துப் பக்கம் கை காட்டினான்.

அங்கே எத்திராஜம்மாள் என்ற பெண்மணி தன் வீட்டுக் குளியலறையை வாடகைக்கு விட்டிருந்தாள். தலைக்குப் பத்து ரூபாய். வாசலில் பதினான்கு பெண்கள் நின்றார்கள். எல்லோரும் ஷூ கம்பெனிச் சீருடையில் இருந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ் மாறுவதற்காக இறங்கியவர்கள். தணிகாசலம் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். வரிசை நகரவில்லை. அவர் சான்றிதழ், பதவி, பச்சை மை எல்லாவற்றையும் மறந்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

“அம்மா, தாயே, என்னை முதல்ல விடுங்கம்மா.”

முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்தாள். மற்றவர்களிடம் திரும்பி, பெரியவர் போகட்டும்க்கா என்றாள். அவர்களும் சரி என்று ஒதுங்கினார்கள். உள்ளே ஆள் இருந்ததால் அவரும் அவளும் கதவருகே ஒரு நிமிஷம் நிற்கவேண்டியிருந்தது. உனக்கு என்னம்மா உடம்புக்கு என்று கேட்டார்.

“நீர்க்கடுப்பு சார். தண்ணி நெறைய குடின்னு டாக்டர் சொல்றாரு.” அவள் சிரித்தாள். “குடிக்கலாம். குடிச்சுட்டு எங்க போறது? ஷிஃப்டுக்கு வந்தா நாங்க யாருமே குடிக்கிறதில்ல.”

கதவு திறந்தது. தணிகாசலம் உள்ளே போனார். வெளியே வரும்போது உடம்புக்குச் சுகமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. எத்திராஜம்மாள் சில்லறை கொடுத்தபடி, ஊரில் ஒரு கக்கூஸ்கூடக் கட்டாமல் விட்ட மகராசன் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்கட்டும் என்று பொதுவாக வாழ்த்தினாள்.

“கட்டிட்டா என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மொதல்ல குளிப்பேன். என் வீட்ல நான் நிம்மதியா குளிச்சு மூணு வருஷமாச்சு.”

திரும்பிப் போய்க் காத்திருந்தார். பகல் பன்னிரண்டுக்கு முறை வந்து குருவின் பல்லைப் பிடுங்கினார்கள். வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தணிகாசலம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதையெல்லாம் எனக்குக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்களாம்மா?”

குரு இல்லை என்று தலையாட்டிவிட்டு, விரலால் கன்னத்தைக் காட்டினார்.

அந்த ஒரு மணி நேரத்தில் தணிகாசலம் பெஞ்சிலேயே கோப்பைப் பிரித்து வைத்துப் பட்டியலைத் திருத்தினார். நாற்பத்தோராவது இனம் முதலுக்கு வந்தது. கழிப்பறைகள், சாலையைக் கடக்க நடைமேம்பாலங்கள், குடிநீர்க் குழாய், ஆஸ்பத்திரிக்கு இன்னும் நூறு படுக்கை. வளைவு நாற்பத்தொன்றுக்குப் போனது. அங்கே போய்ச் சேரும்போது பணம் மிச்சமில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் பெரிய ரகளையாகிவிட்டது. கழிப்பறையை எப்படி ரிப்பன் வெட்டித் திறப்பது, போட்டோவில் பின்னால் என்ன தெரியும் என்று எம்.எல்.ஏ. கவலைப்பட்டார். வர்த்தகர் சங்கம் வெளிநடப்பு செய்து, டிபன் வந்ததும் திரும்பி வந்தது. தலைநகரிலிருந்து வந்திருந்த உயரதிகாரி கோப்பைப் புரட்டினார். வளைவுக்குப் பதினேழு மனு இருக்கிறது, கழிப்பறைக்கு ஒன்றுகூட இல்லையே, கேட்டது யார் என்றார்.

“நான்தான் சார்.”

“எப்போ?”

“போன திங்கக்கிழமை, காலைல ஒன்பதே காலுக்கு. நேர்ல.”

உயரதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற ஆளை மாநிலத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கும்படி சொன்னார். தணிகாசலம் பட்டியலைத் திருத்தப் பேனாவை எடுக்கவில்லை.

மாற்றல் வரவில்லை. அந்த நாற்காலிக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்காததுதான் காரணம் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் நிறைவேறியது. நான்கு கேட்ட இடத்தில் இரண்டு நடைமேம்பாலம் வந்தது. ஒன்பது இடத்தில், தண்ணீர் வருகிற கழிப்பறைகள். ஆஸ்பத்திரி மெதுவாக எழும்பியது. வளைவும் வேறொரு துறையின் பணத்தில் எப்படியோ வந்துவிட்டது. மேம்பாலம் வேண்டாம் என்று மஸ்தான் கலெக்டருக்கு மனு போட்டான். பிறகு பாலத்தடியிலிருந்து கம்பெனி வாசலுக்கு ஆட்டோ விட்டான். கோதண்டத்துக்குத்தான் கோபம் ஆறவில்லை. பத்திரப்பதிவு அலுவலக வரிசைக்குப் போய்விட்டான்.

தணிகாசலம் ஓய்வுபெற்ற அடுத்த வியாழக்கிழமை, மற்ற சீடர்கள் வருவதற்கு முன்பே, குருவைப் பார்க்கக் கிளம்பினார். மேம்பாலத்தில் ஏறி நான்கு நிமிஷத்தில் இறங்கினார். கீழே கழிப்பறைப் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க ஆசை. அரைமணி நேரம் நின்றார். வந்தார்கள், உள்ளே போனார்கள், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தபடி நடந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஒருவரிடம், சுத்தமாத்தான் வச்சிருக்காங்க இல்ல என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பர்ஸைத் தொட்டுப் பார்த்தபடி வேகமாக நகர்ந்தார்.

டயர் கடை மாடியில் குரு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தணிகாசலம் கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். குரு கொஞ்சம் கடலையை அவர் பக்கம் தள்ளினார்.

“மனசு சரியில்லம்மா,” என்றார் தணிகாசலம். “ஒண்ணுமே செய்யாதப்ப ஊரே என்னை வாழ்த்துச்சு. மகராசன்னாங்க. போட்டோ மாட்டறேன்னாங்க. இப்ப இவ்வளவு செஞ்சிருக்கேன், ஒருத்தரும் என்னை நினைக்கலை.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட இல்ல.”

“நல்லாத் தெரியுமா?”

“அரைமணி நேரம் அங்கேயே நின்னு பார்த்துட்டுத்தாம்மா வர்றேன்.”

குரு கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

“அப்ப வேலை செய்யுது,” என்றார்.