தண்டபாணிக்குக் கேட்காத பாட்டு

மில் முதலாளி தண்டபாணியின் பெரிய டூரிங் பைக்கைக் கண்டாலே மயில்சாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயமுத்தூரில் ஒரு ஆடியோ கடையில் வயரிங் பார்க்கிறவன் அவன். மார்கழி பிறந்ததிலிருந்து அந்த பைக்குக்கு மூன்று தடவை ஸ்பீக்கர், இரண்டு தடவை ஆம்ப்ளிஃபயர் மாற்றிவிட்டான். தெருவே அதிர்கிறது; அவருக்கு மட்டும் பாட்டு கேட்கவில்லையாம்!

ஞாயிறு காலை பைக் கிளப் பரிவாரத்தோடு வந்து இறங்கினார் தண்டபாணி. "வால்பாறைக்குக் கிளம்பறோம். இன்னிக்கும் பாட்டு கேக்கலைன்னா இவனை வேலையை விட்டுத் தூக்குங்க!" என்று கடைக்காரரிடம் கத்தினார்.

"போன தடவையே நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றான் மயில்சாமி.

"என்ன?"

மறுபடி சொன்னான்.

"என்னடா முணுமுணுக்கிறே?" என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். மயில்சாமி அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அட கடவுளே!

"ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாமுங்க. அப்படியே உக்காருங்க!" என்று கத்திவிட்டு, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். தண்டபாணி உதட்டைப் பிதுக்கினார்.

மயில்சாமி ட்வீசரை எடுத்து அவர் வலது காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை உருவினான். இடது காதிலிருந்து இன்னொன்று. மார்கழிப் பனிக்காற்று ஆகாதென்று தினமும் காலையில் அடைத்துக்கொள்வது.

"ஐயோ, சத்தத்தைக் குறைடா!" என்று தண்டபாணி துள்ளி எழுந்தார். கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

மயில்சாமி பஞ்சு இரண்டையும் அவரிடம் நீட்டினான்.

"குறைக்கணும்னா இதையே திரும்ப வெச்சுக்கங்க. இதைவிட நல்ல வால்யூம் பட்டன் எங்க கடையில இல்லீங்க."