பூ தின்னக் கூடாத நாடு

வெகுகாலத்துக்கு முன்னால் ஏழிலைநாட்டை மணிமுடிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். ஒரு சட்டத்தை மட்டும் அவன் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டார் அரண்மனைத் தோட்ட அதிகாரி சம்புநாதர்.

"பூவைத் தின்கிறவன் காயைக் கொல்கிறான். இனிமேல் பூ தின்கிறவன் யாராயிருந்தாலும் நாட்டைவிட்டு வெளியே!" இதுதான் அந்தச் சட்டம்.

மந்திரி திருமேனியாருக்கு அன்றே கவலை பிடித்தது. அவர் மனைவி வடிவாம்பாள் வீட்டைச் சுற்றிச் சமையலுக்கான பூக்களாகவே வளர்த்திருந்தாள். கிணற்றடியில் அகத்தி, கூரைமேல் பூசணி, கொல்லையில் வாழை. 'சபையிலேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டாமா? ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?' என்று தன்னையே குடைந்தார். குடைந்துகொண்டே பூசணிப்பூ பஜ்ஜியையும் தின்றார்.

வாசனை வேலி தாண்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் சம்புநாதர் வீடு.

மறுநாள் சபையில் ஒரு தட்டு பஜ்ஜியோடு வந்து நின்றார் அவர். "மகாராஜா! மந்திரி வீட்டு அடுப்படியில் எடுத்தது. பிய்த்துப் பாருங்கள், உள்ளே முழுப் பூ!"

ராஜா பிய்த்தான். மஞ்சள் இதழ் எட்டிப் பார்த்தது. "என்னய்யா மந்திரி இது?"

"ஆண்பூ, மகாராஜா. அடியில் பிஞ்சு வைத்த பூவை என் வீட்டுக்காரி தொடவே மாட்டாள். ஆண்பூக்களிலும் மகரந்தத்துக்கு வேண்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பறிப்பாள். ஆண்பூ எந்தக் காலத்திலும் காய்க்காது. நாங்கள் எந்தக் காயையும் கொல்லவில்லை."

ராஜா தலையாட்டத் தொடங்கினான். சம்புநாதர் விடுவாரா? "ஆணோ பெண்ணோ, பூ பூதானே! மந்திரிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "சரிதான்! மந்திரி, பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிடும். அவர் தோட்டத்தை வெட்டிச் சாயுங்கள்! சம்புநாதரே, உமக்கு என் கையாலேயே தாம்பூலம்."

வெற்றிலைத் தட்டு வந்தது. ஒரு சுருளை அவருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டான் ராஜா. திருமேனியாரின் கண் தட்டில் விழுந்தது. சுருள் பிரியாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பு குத்தியிருந்தது.

"சம்புநாதரே, உமக்குத் தெரியாத பூ உண்டா?"

"கிடையவே கிடையாது!" என்றார் அவர், மென்றபடி.

"அப்படியானால் இப்போது மெல்லுகிறீரே, அது என்ன பூ?"

"பூவா? கிராம்பய்யா, கிராம்பு! பலசரக்குக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இவரெல்லாம் மந்திரி!"

சபை கொல்லென்று சிரித்தது. திருமேனியார் ஒரு கிண்ணம் வெந்நீர் கேட்டு வாங்கி, ஒரு கிராம்பை அதில் போட்டார். 'ஊறாவிட்டால்? தலை உளுத்த கிராம்பாயிருந்துவிட்டால்?' கிராம்பு மெல்ல உப்பியது. அதன் உருண்டைத் தலையை நகத்தால் நெம்பினார். மூடிபோல் இதழ்கள் கழன்றன. உள்ளே நூல் நூலாய் மகரந்தத் தண்டுகள்!

"விரிவதற்குமுன் பறித்துக் காயவைத்த மொக்கு, மகாராஜா. மரத்திலேயே விட்டிருந்தால் காய்த்திருக்கும். நான் தின்றது காய்க்காத பூ. அவர் தின்பது காய்க்கவிருந்த பூ."

ராஜா மெல்லுவதை நிறுத்தினான். கன்னம் புடைத்திருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அப்படியென்றால்... நானும் எல்லை தாண்ட வேண்டுமா?"

"அதைச் சம்புநாதரிடம்தான் கேட்க வேண்டும். ஆளுக்கொரு நியாயம் கூடாது என்றவர் அவர்தானே?"

"அது வந்து... மகாராஜா... சட்டத்தில் கொஞ்சம்..." என்று இழுத்தார் சம்புநாதர்.

ராஜா வெடித்துச் சிரித்தான். வெற்றிலைச் சாறு பட்டு அங்கவஸ்திரமெல்லாம் சிவந்தது. "சட்டம் ஒழிந்தது! மந்திரி, அரண்மனைத் தோட்டத்தில் பாதி இனி உம்முடைய வீட்டம்மாவுக்கு. அவள் என்ன பூ வேண்டுமானாலும் போடட்டும், இந்தச் சம்புநாதர் எடுபிடியாக இருக்கட்டும்!"

அடுத்த நாள் வடிவாம்பாளின் சமையலறையில் மலைபோல் வாழைப்பூ. அதன் நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலும் வேகாத நரம்பை உருவிக்கொண்டிருந்தார் சம்புநாதர்.

"அண்ணா, கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஆய வேணாமா? விரலெல்லாம் கறுத்துப்போச்சே!" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து ராஜாவின் குரல் கேட்டது: "சம்புநாதரே, வடை இன்னுமா ஆகவில்லை?"