பனிக்குள் ஒரு வட்டம்

நார்வேயில் குளிர்காலத்துப் பகல் இரண்டு மணிக்கே நீலமாக மங்கிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து அங்கே படிக்கப் போன இசக்கியம்மாளுக்கு முதல் மூன்று மாதம் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. சிலம்பக் கம்பைப் பிடித்தால்தான் விழித்திருப்பதாகத் தோன்றும். அதனால் அந்த ஊர்ச் சண்டைக்கலைப் பள்ளிக்குப் போய், சிலம்பம் கற்றுக்கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் இடம் கேட்டாள்.

பள்ளித் தலைவர் ஹால்வர் ஏழு பதக்கம் வாங்கியவர். மாணவர்கள் முன்னால் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"சிலம்பம் சுற்றினால் மழைத்துளிகூட மேலே படாதாமே? வெளியே பனி கொட்டுகிறது. ஒரு துகள் படாமல் சுற்று, இடம் தருகிறேன்."

இசக்கி முற்றத்தில் இறங்கினாள். கம்பு விர்ரென்று சுழன்றது. பனி அவளைச் சுற்றி வெள்ளைத் திரையாக மிதந்து எழும்பியது. பார்த்தவர்கள் கனவில் நிற்பது போல நின்றார்கள்.

"தலையில் பட்டுவிட்டதே," என்றார் ஹால்வர்.

"எங்கே சார்? உள்ளே வந்து தொட்டுக் காட்டுங்கள்."

கம்பு நிற்கவில்லை. ஹால்வர் ஓரடி வைத்தார். மூக்கருகே காற்று கிழிந்ததும் மூன்றடி பின்னால் போனார். மாணவர்கள் எல்லோரும் அவர் கால்களையே பார்த்தார்கள். அதற்குமேல் அவை நகரவில்லை.

"சரி, படவில்லை," என்றார் மெதுவாக. "புதன்கிழமை வா."

இசக்கியின் இமைகளில் பனி பூப்பூவாக உட்கார்ந்திருந்தது. அவர் உள்ளே போகும்வரை அவள் அதைத் துடைக்கவே இல்லை.