தவிட்டி வாங்கிய சத்தியம்

மலையடிவாரக் காட்டில் ஒரு குட்டை இருந்தது. அதைச் சுற்றி விலங்குகள் ஆளுக்கொரு பாத்தி கட்டிப் பயிர் செய்தன. தண்ணீரை ஒட்டியிருந்த பாத்தி தவிட்டி என்ற முயலுடையது. அதில் சர்க்கரைவள்ளிக் கொடி தரையே தெரியாமல் படர்ந்து கிடந்தது.

தவிட்டிக்கு மூன்று குட்டிகள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வளையை விட்டு வெளியே தலைகாட்ட முடியாது. அந்த மழைக்காலம் முழுவதும் குட்டிகளுக்கு இந்தக் கிழங்குதான் சோறு. அதனால் தவிட்டிக்கு எந்நேரமும் கவலை. கவலைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அது மழையை நினைத்துக் கவலைப்படவில்லை, திருடர்களை நினைத்துக் கவலைப்பட்டது. ஓர் இலை அசைந்தாலும் ஓடிப்போய்க் கொடியை விலக்கிப் பார்க்கும். காற்றுதான் என்று தெரிந்த பிறகும் நிம்மதி வராது.

ஒருநாள் பக்கத்துப் பாத்திக்காரனான பெருச்சாளி, பெயர் கரியன், தன் மண்ணைக் கிளறிக்கொண்டே போய் வரப்புக்கு அடியில் நுழைந்துவிட்டது. வெளியே வந்தபோது வாயில் தவிட்டியின் கிழங்கு ஒன்று இருந்தது. பதறிப்போய் அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

"மண்ணுக்குள்ள வரப்பு எங்க முடியுதுன்னு தெரியலக்கா. தப்பா நினைக்காதீங்க."

தவிட்டி தப்பாகத்தான் நினைத்தது. அன்றே எல்லாரையும் குட்டைக்கரைக்குக் கூப்பிட்டது. தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னது. "சொந்தக்காரர் நேரில் நிற்காமல் அடுத்தவர் பாத்தியில் நகம் வைக்க மாட்டோம்" என்பது அந்தச் சத்தியம்.

தோண்டும் வேலைக்கெல்லாம் தலைவரான ஈட்டி என்ற முள்ளம்பன்றி மட்டும் கொஞ்சம் தயங்கியது. "ஏம்மா, ஏதாவது அவசரம்னு வந்துட்டா?"

"வந்தாலும்தான் அண்ணே" என்றது தவிட்டி.

சத்தியம் முடிந்தது. அன்றிலிருந்து கரியன் அந்த வரப்புப் பக்கம் நடப்பதைக்கூட விட்டுவிட்டது.

புரட்டாசி கடைசியில் அறுவடை வந்தது. எல்லாரும் சேர்ந்து நாளுக்கு ஒரு பாத்தியாகத் தோண்டுவது அங்கே வழக்கம். ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் தவிட்டியின் பாத்திக்கு முறை வந்தது.

அன்று காலையில் எஸ்டேட் பங்களாவில் வளரும் மயில் தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு வந்தது. அதற்குப் பெருமை பேசாவிட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது.

"எங்க தோட்டத்தைச் சுத்தி ஆளுயரச் சுவர். கேட்டுக்கு அடியில கம்பிவலை. இதுவரைக்கும் ஒரு கத்திரிக்காய்கூடக் காணாமப் போனதில்ல, தெரியுமா?"

தவிட்டியின் காது நிமிர்ந்தது. "அந்த வேலியை நான் பாக்க முடியுமா?"

"இன்னைக்குன்னா வா. நாயை ஊசி போட டவுனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வேற நாள் வந்தா உன் எலும்புதான் மிஞ்சும்."

ஈட்டி வானத்தைக் காட்டியது. "தோண்டி முடிச்சுட்டுப் போம்மா. கிழக்க மேகம் ஒரு மாதிரியா இருக்கு."

"தோண்டிக் குவிச்சப்புறம் யாரண்ணே காவல் இருக்கிறது? வேலி எப்படிப் போடுறதுன்னு பாத்துட்டு உச்சிப்பொழுதுக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் பாத்தியில இறங்க வேண்டாம்."

குட்டிகளை வரப்பில் வரிசையாகக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, தவிட்டி மயிலின் பின்னால் ஓடியது.

பங்களாத் தோட்டம் அழகுதான். கோஸ்கள் அளவெடுத்து வைத்ததுபோல் நின்றன. பூசணிக்காய் ஒவ்வொன்றின் அடியிலும் வைக்கோல் பரப்பியிருந்தது. பந்தலில் பீன்ஸ் தொங்கியது. வேறு முயலாக இருந்தால் வாயைப் பிளந்திருக்கும். தவிட்டிக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. கோஸைப் பார்க்கும்போது கரியன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்தது. பூசணியைப் பார்க்கும்போதும் அதையேதான் நினைத்தது.

சுவர் ஓரமாக அது நடந்து கொண்டிருந்தபோது மயில் சட்டென்று தோகையை விரித்தது.

"எனக்காகவா?" என்று தவிட்டி வெட்கத்தோடு கேட்டது.

"உனக்கெதுக்கு? மேகம் கூடிடுச்சு, அதான்."

தவிட்டி மேலே பார்த்தது. வானம் முழுக்கக் கறுத்திருந்தது. உடனே தவிட்டி கேட்டை நோக்கி ஓடியது. அதற்குள் தூறல் விழுந்து, தோட்டக்காரர் காலையிலிருந்து திறந்துகிடந்த கேட்டைச் சாத்திவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

கேட்டுக்கு அடியில் தவிட்டி மண்ணைப் பறித்தது. கம்பிவலை தட்டுப்பட்டது. இன்னும் பறித்தது. அங்கேயும் வலை. நகம் ஒன்று உடைந்து ரத்தம் வந்தது.

"இது எவ்வளவு ஆழந்தான் போகுது?" என்று அழாத குறையாகக் கேட்டது.

"யாருக்குத் தெரியும்? முயல் நுழையக் கூடாதுன்னுதானே புதைச்சாங்க" என்றது மயில்.

காலையில் தவிட்டி ஆசைப்பட்டு வந்தது இந்த வேலிக்குத்தான். இப்போது அதையே கடித்துப் பார்த்தது. பல்தான் கூசியது. மழை வலுத்தது. உச்சிப்பொழுது எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. குட்டைத் தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது தன் பாத்திதான் என்பது மட்டும் தெரிந்தது. குட்டிகள் வரப்பிலேயே உட்கார்ந்திருக்குமே என்று நினைத்து மறுபடியும் வலையைக் கடித்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் ஹாரன் கேட்டது. கேட் திறந்தது. ஜீப்புக்குள்ளிருந்து நாய் குரைத்துக்கொண்டு எம்பியது. தவிட்டி ஜீப்பின் சக்கரங்களுக்கு நடுவில் புகுந்து வெளியே பாய்ந்தது. பிறகு எங்கும் நிற்கவில்லை.

மேட்டிலிருந்து பார்த்தபோது தன் பாத்தியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது.

"திருடுறாங்க! நான் நினைச்ச மாதிரியே திருடுறாங்க!"

கிட்டே வந்து பார்த்தது. எல்லாரும் கொட்டும் மழையில் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். யார் நகத்திலும் மண் இல்லை. குட்டை பாதிப் பாத்தியை விழுங்கியிருந்தது. மண் கரைந்து, கிழங்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. குட்டிகள் நனைந்து நடுங்கியபடி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஏண்ணே தோண்டல?" என்று கேட்டது தவிட்டி.

"நீ இல்லையேம்மா" என்றது ஈட்டி. "உச்சிப்பொழுதுலேர்ந்து நிக்கிறோம். உன் குட்டிங்களைக் கேட்டோம். அம்மா வரட்டும்னு சொல்லிடுச்சுங்க. தண்ணியைத் தொட்டுக் கொடுத்த சத்தியமாச்சே, நாங்க என்ன பண்ண?"

"இறங்குங்க அண்ணே. எல்லாரும் இறங்குங்க."

எல்லாரும் இறங்கினார்கள். கரியன் மட்டும் தள்ளி நின்றது.

"என்னையும் சேத்துத்தான் சொன்னீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டது.

தவிட்டி தலையைக் குனிந்துகொண்டது. பிறகு சேற்றில் நடந்து அதன் பக்கத்தில் போனது. "வா தம்பி. உன் நகந்தான் ஆழமாப் போகும்."

கரியன் ஒரே பாய்ச்சலில் சேற்றுக்குள் போனது. ஈட்டியும் மற்றவர்களும் மூச்சு வாங்கத் தோண்டினார்கள். ஆனாலும் கிடைத்தது ஒரு சின்னக் குவியல்தான். மற்றதெல்லாம் குட்டையோடு போய்விட்டது.

அந்த மழைக்காலத்தில் தவிட்டியின் குட்டிகள் பாதி நாள் அக்கம்பக்கத்தார் கொடுத்த கிழங்கைத் தின்றுதான் பிழைத்தன. வளை வாசலில் யாராவது கிழங்கை வைத்துவிட்டுப் போவார்கள். கரியன் வைப்பதுதான் பெரிதாக இருக்கும். காவல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு கிழங்குகூடக் காணாமல் போகவில்லை.

எவரும் தொடக் கூடாது என்று நாம் பூட்டி வைக்கும் பொருளை, ஆபத்து வரும்போது எவராலும் காப்பாற்றவும் முடியாது.