அறுநூற்றுப் பதின்மூன்றாவது கேள்வி

"அந்தக் கேள்விய எனக்கு மட்டும் எடுத்து விட்டுருங்க டீச்சர்."

கேட்டவர் மாசிலாமணி, வயது ஐம்பத்து மூன்று. கேட்கப்பட்டவள் வேதவல்லி, வயது முப்பத்தொன்று. பேருந்து முன்பதிவு நிறுவனத்தில், டிக்கெட் கவுன்டரிலிருந்து கணினிப் பிரிவுக்கு வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் அவள்.

நிறுவனத்தின் கிளவுட் இயந்திரங்கள் மொத்தம் பதினாறு. சோதனைக்கு மூன்று, ஒத்திகைக்கு நான்கு, பயணிகள் பயன்படுத்தும் நேரலைக்கு ஒன்பது. எல்லாவற்றையும் ஒற்றை வரிக் கட்டளையால் ஆள, 'கடிவாளம்' என்றொரு நிரலை அவள் எழுதியிருந்தாள்.

இயந்திரங்களை அழிக்கும் கட்டளையைத் தட்டினால், என்டர் அழுத்தும் முன்பே அது நின்றுவிடும். சோதனை, ஒத்திகை, நேரலை இவற்றில் எந்தச் சூழல், எத்தனை இயந்திரம் என்று கேட்கும். இரண்டையும் தட்டினால்தான் நகரும்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருச்சு. நான் ஒரு தடவைகூட தப்பாச் சொல்லல. எல்லாத்தையும் என் நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்."

"பாத்தேன் அண்ணே."

"அப்ப என்னை நம்பலாம்ல? நேரலைச் சாவியும் இன்னும் தரல."

வேதவல்லி எழுந்து வந்தாள். கேள்வி கேட்கப்படாதவர்களின் விலக்குப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தாள். நேரலையைத் திறக்கும் சிறு யுஎஸ்பி சாவியையும் கொடுத்தாள்.

"இனிமே கேக்காது."

மாசிலாமணி ஆசையாக நேரலையைத் திறந்தார். ஒன்பதும் ஓடிக்கொண்டிருந்தன. தீபாவளி முன்பதிவு, நிமிடத்துக்கு நானூறு டிக்கெட்.

"பழைய ஒத்திகைய அழிச்சிட்டுப் புதுசா எழுப்புங்க அண்ணே."

அழிக்கும் கட்டளையைத் தட்டினார். விரல் என்டர் மேல் போனது.

திரை ஒன்றும் கேட்கவில்லை.

பழக்கத்தில் உதடு தானே முணுமுணுத்தது: "ஒத்திகை, நாலு."

விரலை எடுத்தார். எந்தச் சூழலில் நிற்கிறோம் என்று பார்த்தார்.

நேரலை. ஒன்பது.

கடைசியாகத் திறந்த சூழலிலேயே கடிவாளம் நிற்கும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்தார். விலக்குப் பட்டியலைத் திறந்து தன் பெயரை எடுத்தார். அந்தப் பட்டியலின் பழைய பதிவில் இன்னொரு பெயர் இருந்தது, சேர்த்த தேதியோடும் நீக்கிய தேதியோடும்.

வேதவல்லி.

"நீங்களுமா டீச்சர்?"

"மூணு நாள் இருந்தேன். நாலாம் நாள் ஒன்பதையும் அழிச்சேன்."

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் நாலு நிமிஷம். அழிச்சது பூஜ்யம்."

"அதையும் நோட்டுல எழுதிக்கங்க," என்று சிரித்தாள்.

அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ஒத்திகையைத் திறந்தார். அதே கட்டளையைத் தட்டினார். கடிவாளம் நின்று கேட்டது: எந்தச் சூழல்?

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அறுநூற்றுப் பதிமூணு," என்றார்.